கவிழ்த்த தட்டு

அத்தியாயம் 14

விருந்துக்குச் சமைக்க ஹில்யா ஒப்புக்கொண்டுவிட்டாள் என்பதை ஊரில் யாராலும் நம்ப முடியவில்லை.

சென்ற வாரம் ஊர்ச் சபையிலிருந்து கடிதம் வந்தபோது, அம்மா அதை அடுப்பில் போட்டுவிடுவாள் என்றுதான் மகள் கரீனா நினைத்தாள். பழைய மாணவர் விடுதியை இருபது வருடம் நடத்திய எப்பா லின்ட்மார்க் அம்மையாருக்குப் பாராட்டு விழா. பள்ளி ஆண்டு முடியும் நாளில் அறுபது பேருக்கு மதிய விருந்து. பள்ளிச் சமையலறை ஹில்யாவின் பொறுப்பில் இருந்தது. ஆகவே விருந்தும் அவள் பொறுப்பு.

ஹில்யா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "பண்றேன்னு சொல்லிடு" என்றாள்.

சுரங்க வேலைக்குப் போயிருந்த கணவன் கிருனாவிலிருந்து தொலைபேசியில் கேட்டான்: "ஹில்யா, உனக்கு என்ன ஆச்சு? அந்தம்மா பேரைச் சொன்னாலே எழுந்து போயிடுவியே?"

"அந்தம்மாவுக்கு என் கையால பரிமாறணும்" என்றாள் ஹில்யா.

வயதாக வயதாக மனைவியின் மனம் இளகுகிறது என்று அந்த நல்ல மனிதன் சந்தோஷப்பட்டான்.

விருந்து இன்றைக்கு.

காலை ஆறு மணிக்கே ஹில்யாவின் தம்பி வால்ட்டோ பள்ளிச் சமையலறையின் பின்வாசல் வழியாக மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாற்பத்தைந்து வயது. குளிர்காலத்தில் சபையின் பனி அள்ளும் லாரி ஓட்டுவான். மற்ற மாதங்களில் ஆற்றில் மீன். இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் கிடையாது. பெட்டியை இறக்கிவிட்டு, அக்கா கொடுத்த காப்பியையும் ரொட்டியையும் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

"உட்கார்ந்து தின்னேன்டா."

"இருக்கட்டும்."

அவன் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. கல்யாணத்திலும் சாவு வீட்டிலும் தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றுதான் தின்பான். அதனாலேயே அவனைக் கட்டிக்கொள்ள வந்த ஒரு பெண் திரும்பிப் போனாள்.

"என்ன செய்யப்போறே?" என்றான் வால்ட்டோ. அக்காவும் தம்பியும் தனியாக இருக்கும்போது வீட்டு மொழிதான், சுவீடனின் வட எல்லை ஆற்றங்கரைக்காரர்கள் பேசும் ஃபின்னிஷ். அதில் அவனுக்கு வார்த்தை தடுக்காது. சுவீடிஷ் பேசினால்தான் திக்கும்.

"சமைக்கப்போறேன்."

"உன் மூஞ்சியில சமையல் தெரியலையே."

ஹில்யா மீனின் வயிற்றைக் கீறினாள். "முப்பத்தெட்டு வருஷம்டா. ஒரு நாள், ஒரே ஒரு வேளை, அந்தம்மா கையை மடியில வெச்சுக்கிட்டு உட்காரட்டும். ஊர் முழுக்கப் பார்க்கட்டும்."

"வேண்டாம்க்கா. கிளறாதே."

"விரல் போனது உனக்கு. நீயே வேண்டாங்கறே!"

"அடியில என்ன கிடக்குன்னு தெரியாம கிளறாதே."

"எனக்குத் தெரியாதது என்னடா இருக்கு?"

வால்ட்டோ திரும்பி அவளைப் பார்த்தான். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தான். பிறகு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே போனான்.

ஹில்யாவின் கத்தி நிற்கவில்லை. மீன், சதகுப்பைக் கீரை, புது உருளைக்கிழங்கு, வெண்ணெய். மனதுக்குள் மட்டும் வேறொரு சாப்பாட்டு அறை ஓடிக்கொண்டிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு, பிப்ரவரி. தூரத்துப் பண்ணைகளிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லோரும் விடுதியில்தான் தங்கிப் படிக்க வேண்டும். உள்ளே சுவீடிஷ் மட்டும். வீட்டு மொழியில் ஒரு வார்த்தை பேசி மாட்டிக்கொண்டால், மதியம் எப்பா மிஸ் அந்தப் பிள்ளையின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பாள். தட்டைக் கவிழ்ப்பாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் தின்று முடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்துப் பிள்ளைகள் அந்தத் தட்டைப் பார்க்கக் கூடாது.

வால்ட்டோவுக்கு அப்போது ஏழு வயது. சுவீடிஷில் அவனுக்குத் தெரிந்தது 'ஆமாம்', 'இல்லை', 'நன்றி'. ஒரு நாள் விறகுக் கொட்டகையில் அழுதுகொண்டே, "அம்மாகிட்ட போகணும்" என்று வீட்டு மொழியில் சொன்னான். மறுநாள் அவன் தட்டு கவிழ்ந்தது. அதற்கு அடுத்த நாளும். மூன்றாம் நாளும். நான்காம் நாள் விடியுமுன் உறைந்த ஆற்றின் மேல் வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டான். பதினான்கு கிலோமீட்டர். மரம் வெட்டப் போனவர்கள் கண்டெடுத்தபோது உயிர் இருந்தது. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

"அம்மா!"

கரீனா வாசலில் நின்றாள். பதினெட்டு வயது. வெள்ளை உடை, தலையில் படிப்பு முடித்தவர்களுக்கான வெள்ளைத் தொப்பி, கையில் ஒரு தாள். சுவீடிஷ் கட்டுரையில் மாவட்டத்திலேயே முதல் பரிசு வாங்கியவள் என்பதால் நன்றியுரை அவளுக்கு.

"படிச்சுக் காட்டட்டுமா?"

"வேலை தலைக்கு மேல கிடக்கு."

"ரெண்டு வரிம்மா. 'எங்கள் பெற்றோருக்கு மொழி தந்த தாயே' அப்படின்னு ஆரம்பிக்குது. சபைத் தலைவர்தான் எழுதிக் கொடுத்தார்."

ஹில்யா கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா? நல்லா இல்லையா? உங்களுக்கு மிஸ்ஸைப் பிடிக்காதுன்னு தெரியும். ஏன்னுதான் தெரியாது. மாமா விரலைப் பத்திக் கேட்டா, பனிங்கறீங்க. பனி எல்லார் விரலையுமா தின்னுது?"

"விருந்து முடியட்டும். எல்லாம் தெரியும்."

"நீங்களும் மாமாவும் பேசிக்கிறது எனக்குப் புரியாது. நான் வந்ததும் நிறுத்திடுவீங்க. நான் என்ன, வீட்டுக்கு வந்த விருந்தாளியா?"

ஹில்யா உருளைக்கிழங்கு அண்டாவைத் தூக்கி அடுப்பில் வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு மண்டபம் நிறைந்தது. சுவரெங்கும் பிர்ச் மரக் கிளைகள், மேஜைகளில் சின்னக் கொடிகள். கடைசி வரிசையில் பள்ளிப் பிள்ளைகள். நடு மேஜையில் எப்பா மிஸ். எழுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையவில்லை. சாம்பல் நிறப் பட்டுச் சட்டை, கழுத்தில் வெள்ளிப் பதக்கம். ஸ்டாக்ஹோமிலிருந்து இதற்காகவே வந்திருந்தாள்.

பக்கத்தில் சபைத் தலைவர் பெர்டில் ஓக்கெர். அவருடைய அப்பா காலம்வரை அந்தக் குடும்பத்தின் பெயர் பெல்தோ. வயல் என்று அர்த்தம். ஓக்கெர் என்றாலும் வயல்தான், சுவீடிஷில். பெர்டிலும் அதே விடுதியில் தின்று வளர்ந்தவர்தான்.

"காட்டுச் செடிகளா வந்தோம். மனுஷங்களா வெளியே போனோம்" என்று தலைவர் பேசி முடித்தார். கைதட்டல். மிஸ் தலையைச் சாய்த்து ஏற்றுக்கொண்டாள்.

பரிமாறுகிற பெண்கள் மேஜை மேஜையாகப் போனார்கள். நடு மேஜைக்கு ஹில்யாவே வந்தாள். வெள்ளை ஏப்ரன். தலைவருக்கு வைத்தாள். பாதிரியாருக்கு வைத்தாள். தலைமை ஆசிரியருக்கு வைத்தாள். பிறகு மிஸ்ஸின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

மிஸ்ஸின் இடது தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. காலித் தட்டை எடுத்தது. கவிழ்த்தது.

பீங்கான் மரத்தில் மோதும் சின்ன ஒலி. அவ்வளவுதான். ஆனால் அந்த மண்டபத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்தார்கள். சிலருடைய கைகள் தாமாகவே மடிக்குப் போயின.

"கையை மடியில வெச்சுக்குங்க, மிஸ்" என்றாள் ஹில்யா. "மத்தவங்க சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும்."

தலைவர் எழுந்துவிட்டார். "ஹில்யா! உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"உன் தட்டு எத்தனை தடவை கவிழ்ந்தது பெர்டில்? பசியில படுக்கையை நனைச்சியே, அந்த வாரம் எத்தனை தடவை?"

தலைவரின் காது சிவந்தது. அவர் வாய் திறப்பதற்குள் மிஸ் கையை உயர்த்தினாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"இருங்க. இந்தப் பொண்ணை எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடி குடும்பப் பேர் கெம்பைனென். ஹில்யா கெம்பைனென். படுக்கையை மடிப்புக் கலையாம விரிப்பே. நல்ல பொண்ணு."

"என் தம்பியைத் தெரியுதா மிஸ்?"

"ஓடிப்போன பையன். வருத்தமான விஷயம்தான். ஆனா அவன் விதியை மீறினான்."

"ஏழு வயசுக் குழந்தை. 'அம்மாகிட்ட போகணும்'னு சொன்னான். அதுதான் அவன் மீறின விதி!"

"ஆமா" என்றாள் மிஸ், ஏதோ பழைய பாடத்தை நினைவுபடுத்திக்கொள்வதுபோல. "விறகுக் கொட்டகையில. சரி, அது எனக்கு எப்படித் தெரிஞ்சதும்மா? நான் அங்க இல்லையே. நீங்க ரெண்டு பேர்தானே இருந்தீங்க?"

ஹில்யா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"என் அறைக் கதவைத் தட்டி வந்து சொன்னது நீதானே? எத்தனையோ பிள்ளைங்களை மறந்துட்டேன். உன்னை மட்டும் அதனாலதான் மறக்கலை. நேர்மையான பொண்ணுன்னு மறுநாள் உனக்கு ரெண்டாவது தடவை குழம்பு ஊத்தினேன்."

ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் தாளோடு நின்ற கரீனா அம்மாவையே பார்த்தாள். 'இல்லைன்னு சொல்லுங்க' என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

ஹில்யாவால் அப்படிச் சொல்ல முடியாது. வீட்டு மொழியைக் கேட்டும் மறைத்தால் பேசியவர், கேட்டவர் இரண்டு பேர் தட்டும் கவிழும் என்று மிஸ் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாள். தம்பி அழுததற்கு முந்தின நாள்தான் ஹில்யாவின் தட்டு கவிழ்ந்திருந்தது. வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. போனாள், தட்டினாள், சொன்னாள். மறுநாள் தம்பிக்கு எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கும் குழம்பும் தின்றாள். விதிப்படி அவன் தட்டைப் பார்க்காமல் தின்றாள்.

முப்பத்தெட்டு வருடமாக மிஸ்ஸின் மேல் அவள் வளர்த்த கோபத்துக்கு அடியில் கிடந்தது அதுதான்.

சமையலறைக் கதவு திறந்தது. வால்ட்டோ.

மேஜைகளுக்கு நடுவே மெல்ல நடந்து வந்தான். மிஸ்ஸுக்குப் பக்கத்தில் பாதிரியார் உட்கார்ந்திருந்தார். வால்ட்டோ அவரைப் பார்த்தான். அவர் எழுந்து இடம் விட்டார். வால்ட்டோ அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். ஊரே பார்த்தது.

பேசினான். வீட்டு மொழியில், திக்காமல், மிஸ்ஸின் முகத்துக்கு நேராக.

மிஸ் தலைவர் பக்கம் திரும்பினாள். இருபது வருடம் அந்த ஊரில் வாழ்ந்தவளுக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. "பெர்டில், என்ன சொல்றான்?"

பெர்டில் ஓக்கெர் பொது இடத்தில் அந்த மொழியைப் பேசியவர் அல்ல; தெரிந்ததாகவே காட்டிக்கொண்டதில்லை. கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார்.

"தெரியும்ங்கறான்" என்றார் தலைவர். "அக்காதான் சொன்னாள்னு அன்னிக்கே தெரியும்ங்கறான்."

வால்ட்டோ மறுபடி பேசினான். தன் தட்டைப் பார்த்துக்கொண்டே தலைவர் மொழிபெயர்த்தார்.

"அவளுக்கு அப்ப ஒன்பது வயசு. உங்களுக்கு நாப்பதுங்கறான்."

மிஸ்ஸின் உதடு இறுகியது. "இதெல்லாம் அந்தக் காலத்து வழக்கம். எல்லா விடுதியிலயும் இருந்தது" என்று சொல்லிக்கொண்டே தட்டை நிமிர்த்தக் கை நீட்டினாள்.

கவிழ்ந்த தட்டின் மேல் வால்ட்டோவின் இடது கை வந்து அமர்ந்தது. மூன்று விரல்கள்.

அவன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். மிஸ் அர்த்தம் கேட்கவில்லை; தலைவர் தாமாகவே மொழிபெயர்த்தார்.

"மூணு நாள் வேண்டாம். ஒரு வேளை போதும்ங்கறான்."

பிறகு பெர்டில் ஓக்கெர் உட்கார்ந்தார். முள்கரண்டியை எடுத்தார். மீனைப் பிய்த்து வாயில் வைத்தார். மிஸ்ஸைப் பார்க்கவில்லை.

அடுத்த மேஜையில் தபால்கார அய்லி எடுத்தாள். அதற்கடுத்து நீண்ட தாடிக்காரர் ஒருவர். கரண்டிச் சத்தம் மேஜை மேஜையாகப் பரவியது. யாரும் தலை தூக்கவில்லை. கவிழ்ந்த தட்டைப் பார்க்கக் கூடாது என்று அவர்களுக்குச் சின்ன வயதிலேயே கற்றுக்கொடுக்கப்பட்டிருந்தது. கடைசி வரிசைப் பிள்ளைகள் மட்டும் ஒன்றும் புரியாமல் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள்.

இருபது நிமிடம்.

முதலில் மிஸ்ஸின் கைகள் மேஜை மேல் இருந்தன. பிறகு விளிம்புக்கு நகர்ந்தன. கடைசியில் மடிக்கு இறங்கின. கன்னம் ஒருமுறை துடித்தது. அழவில்லை. எழுந்து போயிருக்கலாம், கதவு திறந்துதான் இருந்தது. அவளும் அந்த விதியில் இத்தனை காலம் வாழ்ந்தவள்தானே, எழத் தெரியவில்லை.

வால்ட்டோ கையை எடுக்கவில்லை. அவனுக்கும் யாரோ தட்டு வைத்தார்கள். வலது கையால் முழுவதும் தின்றான். உட்கார்ந்து தின்றான்.

இந்தக் காட்சியை ஹில்யா ஆயிரம் தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் சிரிப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை. ஏப்ரனை அவிழ்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

முதலில் வந்தவள் கரீனா. நன்றியுரைத் தாள் அவள் கையில் இல்லை.

"அம்மா. நீங்களா சொன்னீங்க?"

"நான்தான்."

"இத்தனை வருஷமும் மாமா முகத்தை எப்படிப் பார்த்தீங்க?"

"நேராப் பார்த்ததில்லை."

கரீனாவின் கண் நிறைந்தது. ஆனால் குரல் உயர்ந்தது. "இன்னிக்கு எனக்கு என்ன ஆச்சு தெரியுமா? என் சொந்த மாமா வாழ்க்கையில முதல் தடவையா நாலு பேர் முன்னாடி வாய் திறந்து பேசறார். அவர் என்ன சொல்றார்னு எனக்குத் தெரிய அந்த பெர்டில் ஓக்கெர் வேண்டியிருக்கு! எனக்கு ஏன்மா கத்துக்கொடுக்கலை?"

"உன் தட்டை யாரும் கவிழ்க்கக் கூடாதுன்னுதான்..."

"யாரும் கவிழ்க்கலை. நீங்க கவிழ்த்தீங்க. பதினெட்டு வருஷம்."

ஹில்யாவுக்கு அறைந்ததுபோல் இருந்தது. அறை வாங்கியவள் போலவே கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

வால்ட்டோ வந்தான். வாயைத் துடைத்துக்கொண்டே லாரிப் பக்கம் போனவனை அவள் ஓடிப் போய் மறித்தாள்.

"வால்ட்டோ. அன்னிக்கே தெரியும்னா ஏன்டா ஒரு வார்த்தை கேட்கலை?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"என்னை மன்னிச்சிட்டியாடா? ஒன்பது வயசுன்னு சொன்னியே..."

"அது மிஸ்ஸுக்குச் சொன்னது." லாரிக் கதவைத் திறந்தான். "ஒன்பது வயசுக்காரி மேல எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு இப்ப நாப்பத்தேழு வயசு ஆயிடுச்சே. எத்தனை தடவை என் கையைப் பிடிச்சுக்கிட்டு மிஸ்ஸைத் திட்டியிருக்கே? ஒவ்வொரு தடவையும் இப்ப சொல்லுவே, இப்ப சொல்லுவேன்னு பார்த்தேன்."

அவன் ஏறி உட்கார்ந்தான். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு கரீனா ஏறினாள்.

"நீ எங்கே?" ஹில்யா சுவீடிஷில் கேட்டாள்.

"மாமா வீட்டுக்கு. இலை உதிரும்வரைக்கும் அங்கதான். பேசக் கத்துக்கப்போறேன். அதுவரைக்கும் உங்ககிட்ட சுவீடிஷ்ல ஒரு வார்த்தை பேச மாட்டேன்மா. இதுதான் கடைசி."

"உனக்குத்தான் வேற எதுவும் பேசத் தெரியாதே!"

கரீனாவின் சபதம் தொடங்கிவிட்டது. மீன் பிடிக்கப் போகும்போது மாமாவிடமிருந்து பொறுக்கிய சொற்கள் பத்துப் பன்னிரண்டு அவளிடம் இருந்தன. படகு, ஆறு, வலை, போதும், வா, போ... அவற்றில் ஒன்றைத் தேடி எடுத்தாள். ஜன்னல் கண்ணாடியை இறக்கி, அம்மாவைப் பார்த்து, வீட்டு மொழியில் சொன்னாள்:

"ஏன்?"

உச்சரிப்பு கோணலாக இருந்தது. எதற்கு ஏன் என்று கேட்க அவளிடம் வார்த்தை இல்லை. தம்பியைக் காட்டிக்கொடுத்ததற்கா? மகளுக்கு மொழியை மறைத்ததற்கா? ஹில்யாவிடம் இரண்டுக்கும் ஒரே பதில்தான் இருந்தது.

மகளிடம் ஒருநாளும் பேசாத மொழியில் முதல் முறையாக வாய் திறந்தாள்.

"பயம்" என்றாள்.

கரீனாவுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. புருவம் சுருங்கியது. மாமா பக்கம் திரும்பி, அம்மா என்ன சொல்கிறாள் என்பதுபோல் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

வால்ட்டோ சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது.

சொல்லவில்லை. கியரை மாற்றி லாரியைக் கிளப்பினான்.